பார்க்காத படத்துக்கு ஒரு கைக்கடிகாரம்

1978 ஜனவரி 11, புதன்

ஷீலா டாக்கீஸில் நேற்று பார்த்த படத்துக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து. பாஸ் மார்க் போட்டதே கதாநாயகி குதிரையை ஒழுங்காக ஓட்டினாள் என்பதற்காகத்தான். அண்ணனும் தம்பியும் மேளாவில், திருவிழாக் கூட்டத்தில், தொலைகிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஹிந்திப் படத்தில் பிள்ளைகள் மேளாவில் தொலைந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருவனாவது போலீஸ்காரரிடம் போய் அப்பா பெயரைச் சொல்கிறானா? மாட்டான். கையில் குத்திய பச்சையைக் காட்ட இருபது வருஷம் காத்திருப்பான்.

டெலிபோன் ஆபீஸ் காலை டூட்டியில் லைன் சும்மா கிடந்தபோது ஜபல்பூர் போர்டில் இருக்கும் ஆபரேட்டர் நஸீமா கிடைத்தாள். பதினோரு வருஷச் சிநேகிதம். இன்னும் முகம் பார்த்ததில்லை. ‘தூஸ்ரா பயான்’ படம் அங்கே போன வாரம் வந்துவிட்டதாம்.

"இரண்டாம் வாக்குமூலம்னு பேரு வச்சா மட்டும் ஆச்சா? எல்லாம் பழைய சோறு, குசும். மூத்த பிள்ளை கோர்ட்டுல நின்னு குடும்பக் கதை சொல்றான். இருபது நிமிஷத்துல மூணு பாட்டு. பொம்பளை விக் வச்ச காமெடியன். அம்மாக்காரி வர்ற சீனெல்லாம் சிரிக்கிறா, நடுநடுவுல இருமுறா. என் தலைவலிக்கு அதுவே போதும்" என்றாள்.

பிறகு சத்னாவிலிருந்து கால் வந்துவிட்டது.

ஜனவரி 14, சனி

சங்கராந்தி எள்ளுருண்டை பிடித்த கையோடு, நாலு வருஷ வழக்கப்படி, ‘தூஸ்ரா பயான்’ பற்றிப் பம்பாய் சினிமாப் பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டேன்.

பார்க்காமலா என்று கேட்டால் — ஆமாம், பார்க்காமல்தான். ஜபல்பூரில் ஓடும் படம் கட்னிக்கு வர மூன்று மாதம். அதற்குள் ‘வாசகர் தீர்ப்பு’ பக்கத்தில் அந்தப் படத்தின் கதை முடிந்துவிடும். பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று இந்த ஊரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கிழவியாகிவிடுவாள். நஸீமாவின் கண் என் கண் மாதிரி.

பிப்ரவரி 22, புதன்

அச்சாகிவிட்டது! கட்டம் போட்டு, நட்டநடுப் பக்கத்தில். குசும்லதா கரே, கட்னி. இந்த மாதத்தின் சிறந்த தீர்ப்பு என்று மேலே நட்சத்திரம் வேறு.

‘அம்மா பதினாறு காட்சிகளில் வருகிறாள். பதினாறிலும் சிரிக்கிறாள். பம்பாயில் யாருக்கும் அம்மாவே கிடையாதா?’

பதினாறு என்பது நான் போட்டது. எண் இருந்தால் எழுத்துக்கு ஒரு கம்பீரம்.

தம்பி அவதேஷ் சத்தமாகப் படித்தான். அவன் மனைவி மாலதி மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "ஜிஜ்ஜி, உங்க வாய்க்கு அச்சு மிஷினே பயந்திருக்கும்" என்கிறாள். வெட்கம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? முப்பத்தாறு வயதில் என் பெயர் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 9, வியாழன்

பரிசு வந்தது. பெண்கள் கட்டும் கைக்கடிகாரம், தங்க முலாம்.

நேரே மருந்துக்கடை திவாரியிடம் போனேன். நாலு வருஷமாக அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான் — பொம்பளைக்கு இந்த மாதிரி எழுத வராது, அவதேஷ்தான் அக்கா பேரில் எழுதுகிறான் என்று. தலைவலி மாத்திரை ஒன்று கேட்டேன். இடது கையை நீட்டித்தான் வாங்கினேன்.

"மணி என்ன ஆச்சு பஹன்ஜி?" என்றான், வேறு வழியில்லாமல்.

"பதினொண்ணு இருபது. தபால் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது நான். உங்க அவதேஷ் இல்ல" என்றேன்.

தலைவலி எனக்கு இல்லவே இல்லை. மாத்திரையை மாலதியிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, சனி

நேற்று ஷீலாவில் ‘தூஸ்ரா பயான்’ வந்துவிட்டது. நான் போகவில்லை. தீர்ப்புச் சொன்ன வழக்கை மறுபடி எதற்கு விசாரிப்பது?

எங்கள் தெருவில் ஒரு பெண்கூடப் போகவில்லையாம். என் கட்டத்தைக் காட்டி, "நம்ம குசும்ஜியே குப்பைன்னு எழுதிட்டாங்க" என்று சொல்லி, எல்லா வீட்டுப் புருஷன்களும் டிக்கெட் காசை மிச்சம் பிடித்துவிட்டார்கள். மாலதி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

டாக்கீஸ் மானேஜர் கட்டாரே வீடு தேடி வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நான் சேலையைச் செருகிக்கொண்டு தயாரானேன். மனிதர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"வெள்ளிக்கிழமை லேடீஸ் பக்கம் பதினொரு பேரு. இப்படியே போனா வியாழக்கிழமையோட படப்பெட்டிய சத்னாவுக்கு அனுப்பிருவேன். அது என் பாடு, அதுக்காக வரல பஹன்ஜி. படத்த நாலு தடவை பாத்துட்டேன். நீங்க எழுதினதையும் நாலு தடவை படிச்சேன். இன்டர்வெல்லுக்கு அப்புறம் நடக்கிறதப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்லியே. ஏன்?"

"எழுதுற தகுதி அதுக்கு இல்ல. அதான் விட்டுட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி பஹன்ஜி" என்று எழுந்து போனார். அந்த ‘சரி’ இன்னும் காதிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

மூன்று மணி ஆட்டம் பார்த்தேன். லேடீஸ் பக்கம் என்னோடு சேர்த்து ஐந்து பேர்.

முதல் பாதி நஸீமா சொன்னதுதான், எழுத்துக்கு எழுத்து. ஜரிகைப் புடவையில் அம்மா, தீபாவளி, பிள்ளைகள் சுற்றி நின்று ஆட்டம், விக் வைத்த கோமாளி. அம்மா வரும் காட்சிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு. ஏழிலும் சிரித்தாள். இடைவேளையில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். வெளியே வெயில் அப்படி. ஃபேனுக்காகத்தான் திரும்பப் போய் உட்கார்ந்தேன். என் ரசனைக்காக அல்ல. எழுதி வைக்கிறேன், பிற்பாடு பெருமை பேசிக்கொள்ளாமல் இருக்க.

இடைவேளைக்குப் பிறகு கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் அம்மா ஏறுகிறாள். அவள் பெயரில் இருக்கும் வீட்டுக்காகத்தான் வழக்கு. ‘நான் சொல்லலாமா?’ என்கிறாள்.

அதே வீடு, அதே தீபாவளி. ஆனால் இப்போது நாம் அடுப்படியில் இருக்கிறோம். சாதாரண நூல் சேலை. எண்பது பேருக்குப் பூரி பொரித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் ஆடின அந்தப் பாட்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. ஒரு வாத்தியம்கூடத் தெளிவாக விழவில்லை. எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுக்கொள்கிறாள். இருமல் வருகிறது, விருந்தாளிக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்கிறாள். உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தது அந்த விக் வைத்த கோமாளி ஒருவன்தான். அடுப்படியைத் தாண்டும்போது சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். பிள்ளை பார்த்தது அதை மட்டும்தான்.

‘என் பிள்ளை பொய் சொல்லவில்லை, ஐயா. அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை’ என்கிறாள் நீதிபதியிடம்.

நான் நட்சத்திரம் வாங்கின வரி என்ன? அம்மா எப்போதும் சிரிக்கிறாள், பம்பாயில் யாருக்கும் அம்மாவே கிடையாதா. அடிப்பாவி, படமே அதைத்தானே கேட்கிறது! தலைப்பிலேயே எழுதி ஒட்டியிருந்தான், வாக்குமூலம் இரண்டு என்று. நான் முதல் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதினேன். அதுவும் இன்னொருத்தி காதில் கேட்டதை.

நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு. என் வாழ்நாளில் இவ்வளவு போட்டதில்லை.

அழுதேன். படத்துக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்.

ஏப்ரல் 11, செவ்வாய்

நஸீமாவைப் பிடித்து வறுத்தெடுக்கலாம் என்று டூட்டிக்குப் போனதும் லைனில் கூப்பிட்டேன். கார்டு, பரிசு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பாதியிலேயே எழுந்து போனேன்னு ஏண்டி சொல்லல?"

"பையன் வாந்தி எடுத்தான், வந்துட்டேன். படம் எப்படின்னு கேட்ட, பாத்த வரைக்கும் சொன்னேன். நீ அத வச்சுப் பம்பாய்க்கே எழுதுவன்னு நான் ஜோசியமா கண்டேன்? பரிசு வந்தப்ப எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

சொல்லவில்லை. அதுதான் நிஜம். சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு மூன்று மாதம் தாங்கிவிட்டது. அந்த மட்டில் நான் கெட்டிக்காரிதான். இப்போது என்ன செய்வது? பத்திரிகைக்கு மறுப்பு எழுதினால் வெளிவர இரண்டு மாதம் ஆகும். பெட்டி நாளை மறுநாளோடு போய்விடும். எங்கள் தெருப் பெண் ஒருத்திகூட அந்த அடுப்படியைப் பார்க்க மாட்டாள். என்னால்.

வாயைத் திறந்தால் என் பெயர் போகும். திவாரி ஒரு வருஷத்துக்கு விருந்து சாப்பிடுவான்.

ஏப்ரல் 12, புதன்

காலையில் டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு டாக்கீஸுக்குப் போனேன். வாசலில் விளம்பரக் குதிரைவண்டி நின்றது. வண்டிக்காரன் பையாலால் இரண்டு பக்கமும் போஸ்டர் கட்டி, மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை ஏத்திக்கோ" என்றேன். அவன் கட்டாரேஜியைப் பார்த்தான். அவர் மைக்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

நடுவில் அவதேஷ் சைக்கிளில் துரத்தி வந்தான். "ஜிஜ்ஜி, இறங்கு. ஒரு கார்டு எழுதிப் போட்டா போதாதா? நீ பொய் சொன்னேன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். என் பேரச் சொல்லித்தான் ஜனம் போகாம இருந்துச்சு. என் பேரச் சொன்னாத்தான் போகும். உன் பேருக்குப் போகுமா?" என்றேன். பையாலால் குதிரையைத் தட்டிவிட்டான்.

ஏழு தெரு. ஒவ்வொரு முனையிலும் இதையே சொன்னேன்:

"நான் குசும்லதா கரே. டெலிபோன் ஆபீஸ். ‘தூஸ்ரா பயான்’ குப்பைன்னு எழுதினேன். பார்க்காமலேயே எழுதினேன். இப்போ பாத்துட்டேன். என் தீர்ப்பு தப்பு. நாளைக்குப் பெட்டி போகுது. பொம்பளைங்க எல்லாம் இன்னைக்கே போங்க. இன்டர்வெல்ல எழுந்துராதீங்க."

முதல் முனையில் தரையைப் பார்த்துச் சொன்னேன். மூன்றாவது முனையில் ஜன்னல்களைப் பார்த்துச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம் — என் குரல் மைக்கில் நன்றாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. யாரோ ஒருத்தன், "அப்போ கடிகாரத்தக் குடுத்துருங்க அம்மா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். திவாரி மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றான்.

கத்தினவன் சொன்னது நியாயம்தான். அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

பெட்டி சத்னாவுக்குப் போகவில்லை. நேற்று லேடீஸ் பக்கம் நிரம்பி, ஆண்கள் பக்கத்திலும் கயிறு கட்டிப் பெண்களுக்கு இடம் ஒதுக்கினார்களாம். இன்னும் ஒரு வாரம் ஓடும்.

மாலதி அவதேஷையும் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் அவதேஷ் தன் தட்டைத் தானே கழுவினான். ஒரே ஒரு தட்டுதான். ஆனாலும் கரே குடும்பத்து ஆண்பிள்ளை கழுவிய முதல் தட்டு. மாலதி என்னைப் பார்த்தாள், நான் மாலதியைப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, திங்கள்

கடிகாரத்தைப் பம்பாய்க்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியாயிற்று. கூடவே நாலு பக்கக் கடிதம். மணிக்கட்டில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது.

மே 31, புதன்

பத்திரிகையில் வந்தது. என் நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில்: ‘கட்னி வாசகி படத்தைப் பார்க்காமல் எழுதியதாகத் தெரிவித்துப் பரிசைத் திருப்பி அனுப்பியுள்ளார்.’ பெயர்கூடப் போடவில்லை. கட்னியில் யாருக்குத் தெரியாது, பெயர் எதற்கு?

திவாரி கடைக்கு மாலதியின் இருமல் மருந்துக்காகப் போனேன். பத்திரிகை கல்லாமேல் கிடந்தது. என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இப்போ ஒத்துக்கிறேன் பஹன்ஜி, எழுதுறது நீங்கதான். உங்க தம்பியா இருந்தா தப்புன்னு இந்த ஜென்மத்துல சொல்லியிருக்க மாட்டான்" என்றான்.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொண்டேன். அந்த நட்சத்திரத்தைவிட இது கனமாக இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

ஷீலாவில் புதுப் படம், முதல் நாள். லேடீஸ் கவுன்டரில் எனக்கு முன்னால் யாரோ வெளியூர்க்காரி, இடுப்பில் குழந்தை. கூட இருந்தவள் அவள் காதில் எதையோ சொன்னாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பார்க்காமலே எழுதினவங்க நீங்கதானா?"

"நான்தான்."

"அப்போ இந்தப் படம் எப்படி? பாக்கலாமா?"

"இன்னும் பாக்கல. ஆறு மணிக்கு வெளிய வருவேன். அப்பக் கேளுங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு டிக்கெட் எடுக்காமல் வரிசையை விட்டு விலகினாள். "அப்போ சாயங்கால ஆட்டத்துக்கே எடுத்துக்கிறோம். நீங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

படம் சுமார். ஆறு மணிக்கு வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அவள் நின்றிருந்தாள். அவளோடு இன்னும் எட்டுப் பெண்கள்.

"அறுபத்திரண்டு" என்றேன். "ரெண்டாவது பாதியையும் சேர்த்து."