பல் மட்டும் கொஞ்சம் நீளம்

மச்சான்,

நேற்று பதினொரு மணித் தேநீர் வேளையில் எங்கள் அலுவலகத்தில் நீ எடுத்த படம் ஓடியது. என் மேசைக்கு எதிரே இருக்கும் நஸீரா, அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். திரை எனக்குத் தெரியவில்லை. வேனுக்குள் ஒருவர் இருமும் சத்தம் மட்டும் கேட்டது. உன் கதாநாயகன் செபஸ்டியன் அண்ணனின் இருமல் என்று உடனே தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறெந்த இரத்தக்காட்டேரியும் அப்படித் தேங்காய் வியாபாரி மாதிரி இருமியிருக்காது.

“சேர், இந்தப் படம் பாத்தீக்கீங்களா?” என்றாள். “படத்த விட அதுக்குக் கீழ ஈக்குற கமெண்ட் நல்லம். ஒண்டு வாசிக்கிறன், கேளுங்க.”

வாசித்தாள்.

“இது சினிமா இல்லை, கல்யாண வீடியோ. மாப்பிள்ளைக்குப் பல் மட்டும் கொஞ்சம் நீளம்.”

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அங்கே உட்கார முடியவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்டி வாவிக்கரைக்கு வந்தேன்.

அந்த வரியை எழுதியவன் நான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

நீ கதை சொல்ல வந்த நாள் நினைவிருக்கிறது. கெலிஓயாவில் உன் ஸ்டூடியோவில் இருபது வருடமாகக் கல்யாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் படம் பிடித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று என் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்து, “மச்சான், இரத்தக்காட்டேரின்னா வெள்ளக்காரனாத்தான் இருக்கணுமா? நம்ம ஆளா இருந்தா என்னா?” என்று கேட்டாய். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் மன்னாரில் இறங்கிக் கண்டிக்கு நடந்து வந்த ஒருவன். துரையின் பங்களாவில் கடிபட்டுச் சாவே இல்லாமல் போனவன். இத்தனை காலத்துக்குப் பிறகு, வந்த வழியே திரும்பிப் போய் மன்னார்க் கடலைப் பார்த்துச் சாக வேண்டும் என்று ஒரு வேனில் கிளம்புகிறான். “வசனம் நீதான் எழுதணும். ஒனக்குத்தான் தமிழ் வரும்” என்றாய். கல்யாணப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

படம் தொடங்கிய நேரத்தில்தான் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. வேன் ஓடுகிற படத்துக்கு வேன் ஓடவில்லை. நீ சளைக்கவில்லை. எரிபொருளுக்காக வரிசையில் நின்ற வேனுக்குள்ளேயே கமெராவைத் தூக்கிக்கொண்டு ஏறினாய். நானும் உன் மச்சினனும் வெளியே நின்று வேனைப் பிடித்து ஆட்டினோம். முன்னால் நின்ற ஓட்டோக்காரர் இறங்கி வந்து, வண்டியில் யாருக்கும் வலிப்பா என்று சிங்களத்தில் கேட்டார். லைட் வாடகைக்கு எடுக்க வழியில்லாததால் இரவுக் காட்சியை எல்லாம் பகலில் எடுத்து நீலம் பூசினாய். பல் கட்டுகிறவர் ஒருவர் செய்து கொடுத்த பல்லைப் போட்டால் செபஸ்டியன் அண்ணனுக்கு ‘ச’ வராது. உன் மனைவி மல்லிகா பீட்ரூட் அவித்துக் கொடுத்த இரத்தத்துக்கு எறும்பு வந்தது. நாம் மாத்தளையைத் தாண்டவே இல்லை. மன்னார்க் கடலை உன் வீட்டுக்குப் பின்னால் மகாவலியில் எடுத்தாய்.

அக்குறணைக்கு அப்பால் ஒரு திருப்பத்தில் எடுத்த காட்சிதான் என்னுடையது. அந்தப் பாதையில் பசியிலும் வாந்திபேதியிலும் விழுந்து போனவர்களின் பெயர்களை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவான். நாலு நிமிடம். சில பெயர்கள் நான் கற்பனை செய்தவை, சில என் அப்பா சொல்லி நான் கேட்டவை. செபஸ்டியன் அண்ணன் அன்று பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். நீ கமெராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

குண்டசாலையில் ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டாய். அந்தக் காட்சி வரவில்லை. அந்த இடத்தில் மரங்கள் ஓடின, புல்லாங்குழல் வந்தது. கடைசியில் ‘வசனம்’ என்று போட்டு என் பெயர் வந்தது. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

வாசலில் என் கையைப் பிடித்தாய். “மழ சத்தம் மச்சான். வேன் கூரையில ஒரே மழ. எவ்வளவோ பாத்தேன், ஒரு பேரும் வெளங்கல. ஒன்கிட்ட சொல்ல வாய் வரல.”

“பரவால்ல. படம் நல்லா வந்திருக்கு” என்றேன்.

பரவாயில்லை என்று நான் சொன்னது பொய். நன்றாக வந்திருக்கிறது என்றதும் அன்றைக்குப் பொய்தான். ஒரு கிழமை கழித்து நீ படத்தை இணையத்தில் ஏற்றினாய். மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடி, இல்லாத ஒரு பெயரில் கணக்குத் திறந்து, அந்த வரியை எழுதினேன். உன்னை எங்கே தொட்டால் நோகும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பழகியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ‘கல்யாண வீடியோக்காரன்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் நீ அந்தப் படத்தையே எடுத்தாய். எழுதி முடித்ததும் மனம் இலேசாகிவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. “ரோட்டுப் படம்னு சொன்னாங்க, ரோட்டைத்தான் காணோம்.” “கடலுக்கு அந்தப் பக்கம் தென்னமரம் தெரியுதே, அது இராமேஸ்வரமா?” “பன்னெண்டு மணி வெயில்ல காட்டேரி வேர்த்துக் கொட்டிட்டு நிக்குது, யாராச்சும் குடை குடுங்கப்பா.” நல்லதும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண், “குறைகள் கனக்க இருக்கு. எண்டாலும் கடைசியில அழுதுபோட்டன்” என்று எழுதியிருந்தாள். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், “எங்கள் பாட்டனும் இந்த வழியாகத்தான் நடந்து வந்தாராம். இப்படி ஒரு கதை வரும் என்று நினைக்கவில்லை” என்றார். நீ எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டாய்: நன்றி, அடுத்த படத்தில் திருத்திக்கொள்கிறோம். எனக்கும் அதையே போட்டிருந்தாய்.

என் வரிதான் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. படம் பார்க்காதவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விளையாட்டுக் கடையில் வாங்கிய பல்லைப் போட்டுக்கொண்டு உன் கமெராவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நீ அவர்களையும் அழகாகப் படம் பிடித்துக் கொடுத்தாய். “பயலுக நல்ல சந்தோஷமா இருந்தாங்க மச்சான்” என்று என்னிடம் சொன்னாய். அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கு மச்சினனை அனுப்பத் தொடங்கினாய். நீ ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து அடையாள அட்டைக்குப் படம் எடுத்தாய்.

ஒரு மத்தியானம் அங்கே வந்திருந்தேன். நீ கைப்பேசியை என் பக்கம் திருப்பினாய்.

“மச்சான், இவ்வளவு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தனுக்கும் ஒற்றுப் போடத் தெரியல. இவன் ஒருத்தன்தான் ‘மாப்பிள்ளைக்குப் பல்’னு ‘ப்’ போட்டு எழுதியிருக்கான் பாரு.”

“யாராச்சும் வாத்தியாரா இருக்கும்” என்றேன்.

“இருக்கும்” என்றாய். என் முகத்தைப் பார்த்தாயா, திரையைப் பார்த்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பிறகு கேட்டாய்: “அது யாரா வேணும்னாலும் இருக்கட்டும் மச்சான். அவன் சொல்றது உண்மையா?”

சொல்லியிருக்கலாம். உன் படத்தில் வேன் ஓடவில்லை, நீலம் நீலமாக இல்லை, எல்லாம் சரி. ஆனால் கடைசியில் செபஸ்டியன் அண்ணன் செருப்பைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறாரே, கமெரா பின்னாலேயே போகாமல் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அதை எந்தக் கல்யாண வீடியோவிலும் பார்க்க முடியாது. சொல்லியிருக்கலாம். “ஆளாளுக்கு ஒரு கருத்து மச்சான்” என்றேன்.

நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாய். அடுத்த கதைக்கு வசனம் எழுதுவாயா என்று ஒரு தடவை கேட்டாய். பார்ப்போம் என்றேன். பிறகு நீ கேட்கவில்லை.

அடுத்த வருடம் உன் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தத்தைச் சுத்தம் செய்யக் கண்டிக்கு வந்துபோனாய். வேலை முடிந்து நானும் வந்து பக்கத்தில் உட்காருவேன். “இப்ப நெசமாவே நான்தான்டா காட்டேரி. மத்தவன் பகல்ல தூங்குறான், நான் பகல்ல இரத்தத்துக்கு லைன்ல நிக்கிறேன்” என்று சொல்லி நீயே சிரித்தாய். குழாய் போட்ட கையை அசைக்காமல் மற்றக் கையால் புதிதாக வந்த கருத்துகளைத் தள்ளித் தள்ளி வாசிப்பாய். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை தாதி வந்தாள். ஒரு தடவை நீ தூங்கிப்போனாய். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை, நீயும் விழித்துத்தான் இருந்தாய். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உன் காரியம் முடிந்த மறுநாள் மல்லிகா என்னைக் கூப்பிட்டு, நீ இல்லை என்பதைப் படத்துக்குக் கீழே எழுதச் சொன்னாள். “ஒங்களுக்குத்தான் எழுத வரும் அண்ணே” என்று கடவுச்சொல்லையும் தந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரியை நீ நினைத்த நேரம் நீக்கியிருக்கலாம். இப்போது உன் கணக்கிலிருந்தே நானும் நீக்கலாம். என் யோசனை முகத்தில் தெரிந்ததோ என்னவோ, அவள் சொன்னாள்: “ஒண்ணையும் அழிச்சிராதீங்க. அந்தப் பல்லு கமெண்ட மட்டும் எடுத்திருவோமான்னு நான் எத்தனையோ தடவ கேட்டேன். ‘வேணாம், அது கெடக்கட்டும்’னு சொல்லிட்டார்.”

அவள் கேட்டதை மட்டும் எழுதிப் போட்டேன். ஏன் கிடக்கட்டும் என்றாய்? யாரோ ஒருவனின் கருத்து, அதற்கும் மரியாதை கொடுக்க வேண்டும் என்றா? எழுதியவன் யார் என்று தெரிந்து, அவனே வந்து எடுக்கட்டும் என்று காத்திருந்தாயா? இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல இனி யாரும் இல்லை.

நேற்று வாவிக்கரையில் உட்கார்ந்து, என் சொந்தப் பெயரில், அந்த வரிக்குக் கீழே எழுதினேன். இதை எழுதியவன் நான். இந்தப் படத்துக்கு வசனம் எழுதியவனும் நான்தான். என் காட்சியை வெட்டிய கோபத்தில் நண்பனுக்குச் செய்த துரோகம் இது. அவர் இப்போது இல்லை. மன்னிக்கவும் என்று எழுதினேன்.

இன்று பௌர்ணமி, போயா விடுமுறை. காலையில் எடுத்துப் பார்த்தேன். வரிசையாகச் சிரிப்பு முகங்கள். “வசனம் எழுதினவரே கலாய்ச்சிட்டாரு.” “தலைவா, நீங்கதானா அது? கைய குடுங்க.” “செத்துப்போனதா சொல்றதும் விளம்பரம்தானே?” யாரும் கெட்டவர்கள் இல்லை மச்சான். நான்தானே அவர்களுக்கு அந்த இடத்தில் சிரிக்கப் பழக்கினேன்.

பத்து மணி பஸ்ஸில் கெலிஓயாவுக்குப் போனேன். மல்லிகா ஸ்டூடியோச் சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். கடையைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் தங்கை வீட்டோடு போய்விடப் போகிறாளாம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள்.

“நீங்க எழுதினத என் தம்பி காட்டினான் அண்ணே. என்னா பகிடி அது?”

“பகிடி இல்ல மல்லிகா. நான்தான் எழுதினேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், பஸ், ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியல.”

“அந்தக் கட்டுகஸ்தோட்டக் கல்யாணத்தன்னைக்கு வந்து சோறு திங்காம சுவத்தப் பாத்துப் படுத்தார். அடுத்த நாள் நீங்க வந்து அவரோட தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்க.”

“ஆமா.”

“அவர்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா மன்னிச்சிருப்பார். அவர் அப்பிடித்தான். எனக்கு ஏலாது அண்ணே.” கட்டிக்கொண்டிருந்த பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, “இப்ப இத எனக்கு ஏன் சொன்னீங்க? ஒங்க மனசு லேசாகவா?” என்று கேட்டாள்.

என் பாரத்தைக் குறைக்கப் போய், உன்னைப் பற்றி அவள் நிம்மதியாக வைத்திருந்த கொஞ்சத்தையும் கலைத்துவிட்டேன். இனி அவள் அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் உன் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். அதையும் சேர்த்துத்தான் இனி நான் சுமக்க வேண்டும்.

நான் எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். கதவை ஓங்கிச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. “இனிமே இங்க வராதீங்க” என்றாள். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு, பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, “பாத்துப் போங்க அண்ணே” என்றாள்.