வட்டவளை வழியாக ராகலைக்கு

அக்கா,

இன்றைக்கும் ரொட்டியைக் கருக்கிவிட்டேன். தேங்காய்ப்பூ கருகிய வாசனை அடுப்படியைத் தாண்டி முன்பக்கத்துத் துணிக்கடை வரைக்கும் போய்விட்டது. கம்பளி வாங்க வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்னா மொதலாளியம்மா, வட்டவளை ஸ்டேஷன் வாசம் அடிக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர் பேர் தெரியாத பெண்கூட உங்கள் கடை ரொட்டியைத் தின்றிருக்கிறாள். எனக்கென்று தனியாகச் சுட்டுப் போட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

நீங்கள் போய் நாற்பது நாளுக்கு மேலாகிறது. இன்று திங்கட்கிழமை. என் வீட்டுக்காரர் கடையில்தான் இருக்கிறார். மேலே போகிற ரயில் சற்று முன்புதான் கூவிவிட்டுப் போயிற்று, அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. செத்துப் போனவருக்கு மடல் எழுதுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மனசில் கொதிப்பு வந்தால் உங்களிடம் வந்து கொட்டித்தான் எனக்குப் பழக்கம்.

அவருடைய திங்கட்கிழமைப் பயணம் உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். திங்கட்கிழமை கிழக்கே சூலம். அவருடைய அண்ணன் கடை வைத்திருக்கிற ராகலை, ஹட்டனில் இருக்கிற எங்களுக்குக் கிழக்கே. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனம் ஹட்டன் கடைத்தெருவில் கூடுகிற நாள், இவரால் நகர முடியாது. ஆகவே அண்ணன் கடைக்குத் துணி கொண்டுபோக, கடைத்தெரு ஓய்ந்து கிடக்கிற திங்கட்கிழமைதான் வாய்க்கும். காலை ரயிலில் மேலே ஏறி, நானுஓயாவில் சின்ன ரயிலுக்கு மாறினால் மத்தியானத்துக்குள் ராகலை. ஆனால் சூலத்துக்கு எதிரே புறப்படக்கூடாதென்று இவர் மூட்டையோடு மேற்கே இறங்குகிற ரயிலில் ஏறுவார். வட்டவளையில் இறங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, மேலே வருகிற ரயிலைப் பிடிப்பார். அந்த ரயில் ஹட்டன் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? காலையில் போன மனுஷன் மத்தியானம் எங்கள் ஸ்டேஷனிலேயே பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். இறங்கி ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போகலாமே என்றால், "பொறப்பட்டா பொறப்பட்டதுதான். நடுவுல வீடு திரும்பக்கூடாது" என்பார்.

ஒருநாள் நான் தயிர்க் கிண்ணத்தோடு வாசலை மறித்தேன். "ஒரு வாய் தயிர் குடிச்சிட்டுப் போனா கிழக்குச் சூலம் தீந்திரும்னு ஊருக்கே தெரியும். கடைத்தெருவுல எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"இந்தக் குளிருல தயிரா? சளி புடிச்சிரும்" என்று விலகிப் போய்விட்டார். தினமும் தயிர் ஊற்றிப் பிசையாமல் கையலம்பாத ஆள் அவர்.

எனக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அவருடைய அண்ணிக்குக் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி கந்தப்பளையில் இருந்தாள். அவளை இவருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஜாடைமாடையாக என் காதில் விழுந்திருந்தது. இவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? வீட்டில் அவர் பேச்சே அவ்வளவுதான். சோறு போடு, குடை எங்கே, கதவைச் சாத்து. அதற்குமேல் பேசினால் நாக்குத் தேய்ந்துவிடும் என்பதுபோல இருப்பார்.

அப்படியிருக்க, சேலை பார்க்க வந்த ஒரு பெண் சொன்னாள். "நம்ம மொதலாளியா இது! வட்டவளை ரொட்டிக்கடையில அவங்க சிரிச்ச சிரிப்பு ஸ்டேஷன் முழுக்கக் கேட்டுச்சே!"

சிரிப்பா? நான் அந்த மனுஷனுடைய பல்லை வெற்றிலை போடும்போதுதான் பார்த்திருக்கிறேன். கந்தப்பளைக்காரி ஒருத்தி போதாதென்று வட்டவளையிலும் ஒருத்தி என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர் முன்பெட்டியில் ஏற, நான் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு அதே ரயிலில் பொம்பளைப் பெட்டியில் ஏறினேன்.

வட்டவளையில் வழக்கம்போல மழை. சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உங்கள் கடைப் பலகையில் அவர் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். குனிந்து ஏதோ சொன்னார், நிமிர்ந்து சிரித்தார். எதிரே நீங்கள் முழங்கை வரைக்கும் மாவோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தீர்கள். நரைத்த தலை, ஐம்பது வயது இருக்கும். நான் உங்களைப் பார்க்கவேயில்லை அக்கா. உங்களுக்குப் பின்னால் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கழுத்தை நீட்டி நீட்டித் தேடினேன்.

ரயில் வந்தது, அவர் ஏறிப் போனார். நான் விறுவிறுவென்று உங்கள் கடைக்கு வந்து நின்றேன்.

"யாரைம்மா தேடுற?" என்றீர்கள்.

"அவளை."

"எவளை?"

"இவ்வளவு நேரம் பேசிட்டுப் போனாங்களே, அவங்க பாக்க வந்தவளை."

நீங்கள் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. "இங்க நானும் இந்த அடுப்புந்தான் இருக்கோம். ரெண்டுல எதுன்னு நீயே பாத்துக்க."

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் வந்த அழுகை பாதி, ஆத்திரத்தில் வந்தது பாதி. இளசாக ஒருத்தி இருந்திருந்தால் எனக்கு வழி தெரியும். மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். வெறும் பேச்சுக்கு எதிராக என்ன சண்டை போடுவது? எனக்கு ஒன்பது வருடமாகக் கிடைக்காத பேச்சு ஒரு ரொட்டிக்கடைப் பலகையில் கொட்டிக் கிடந்தது.

"அவங்க என்னா பேசுவாங்க உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"அதை நீ அவருகிட்டக் கேளு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதில்ல."

"நான் பொண்டாட்டி!"

"இருந்துட்டுப் போ. ரொட்டி சாப்புடுறியா?"

எனக்குத் திரும்பிப்போக அடுத்த ரயில் சாயங்காலம்தான். மழையில் எங்கே போவது? உட்கார்ந்தேன். மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு ரொட்டி வைத்தீர்கள். முதல் ரொட்டிக்கு முறைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது ரொட்டிக்கு வாயைத் திறந்துவிட்டேன். கந்தப்பளைக்காரியைப் பற்றி, என் காலி வயிற்றைப் பற்றி, கப்பலேறி இந்தத் தேசத்துக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டீர்கள். ரயில் சத்தம் கேட்டதும், "சரி, ஏறு. இதையெல்லாம் போயி அவருகிட்டக் கேளு" என்றீர்கள்.

நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வியாழக்கிழமை உங்களிடமே திரும்பி வந்தேன். வியாழக்கிழமைகளில் அவர் நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கம்பளி மூட்டையோடு போய்விடுவார். வட்டவளையில் ஒரு வைத்தியரிடம் பிள்ளை மருந்து சாப்பிடுகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எந்தப் பெண்ணும் துருவிக் கேட்கமாட்டாள். அப்படியே மூன்று வருடம் ஓடியது.

இதைச் சொல்ல எனக்கு நாணமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கொஞ்ச நாளில் என் பொறாமை கட்சி மாறிவிட்டது. அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்களே என்று உங்கள்மேல் இருந்தது, உங்களைப் பங்கு போடுகிறாரே என்று அவர்மேல் திரும்பியது. அவர் உட்காருகிற பலகை மூலையில்தான் நான் உட்காருவேன். திங்கட்கிழமைகளில் வடையும் உண்டென்று ஸ்டேஷன் போர்ட்டர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார், அதற்கு நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"அவங்களுக்கு வடை, எனக்கு வெறும் ரொட்டியா?"

"அடி இவளே, திங்கட்கிழமை ரயிலுக்குக் கூட்டம் ஜாஸ்திடி."

"கூட்டம் இல்லாட்டியும் சுடுவீங்க. எனக்குத் தெரியும்."

அதற்கடுத்த வியாழக்கிழமை இரண்டு வடை சுட்டுத் தட்டில் ணங்கென்று வைத்தீர்கள். தின்றேன். திங்கட்கிழமை வடை இதைவிட மொறுமொறுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

கீழ்நாட்டில் மலேரியா பரவி, காய்ச்சல் ரயிலேறி வட்டவளைக்கும் வந்தது. ஒரு வியாழக்கிழமை நான் வந்தபோது உங்கள் கடை சாத்தியிருந்தது. தூங்குகிறீர்கள் என்று போர்ட்டர் சொன்னார், நானும் திரும்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் ரயில் கார்டு ஒருவர் கடைக்கு வந்து இவரிடம் ஏதோ சொன்னார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். சரக்கெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கத்தில் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் கட்டிய வேட்டியோடு தலைக்குக் குளித்தார். சாவுக்குப் போய் வந்தவர்கள் குளிக்கிற குளியல் அது.

"யாரு?"

"வட்டவளையில ஒரு அக்கா. உனக்குத் தெரியாது."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரியாதா? என்னை வுட்டுட்டு எப்படிப் போவீங்க? அது என்னோட அக்கா! என் அக்கா முகத்தை நான் பாக்க வேணாமா?"

அவர் ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "உன்னோட அக்காவா?"

மூன்று வருட வியாழக்கிழமைகளையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷி" என்றார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாங்களா? நீங்க தோள் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

அழுகைக்கு நடுவிலும் எனக்குக் குத்தியது. அவருக்குத் தோள் கொடுக்கக் கிடைத்தது. எனக்குச் சாத்திய கதவு கிடைத்தது. அந்த ஆத்திரத்தில்தான், ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு வருடமாக அவரிடம் மனசுவிட்டுக் கேட்காத வாய் திறந்தது. "ராகலைக்கு எதுக்குச் சுத்திச் சுத்திப் போனீங்க? உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கந்தப்பளைப் பொண்ணைக் கட்டிக்கப் போறீங்களா?"

"அதுக்குப் போன வருஷமே வேற எடத்துல கல்யாணம் ஆயிருச்சே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பெண்ணின் அப்பா ராகலைக்கு வந்து, அண்ணன் கடையில் கல்யாணப் பேச்சோடு இவருக்காகக் காத்திருப்பாராம். மத்தியானத்துக்குமேல் தன் கடையைப் பார்க்கத் திரும்பியாக வேண்டும். நேர் வழியில் போனால் அவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அண்ணனுக்கு எதிரே முடியாது என்று சொல்ல இவருக்குத் தைரியம் இல்லை. வட்டவளை சுற்றிப் போனால் சாயங்காலம் ஆகிவிடும், ஆள் போயிருப்பார். ஏன் தாமதம் என்றால் சூலம். பெரியவர்கள் யாரும் சூலத்தை எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துக்குவியேன்னு."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்தே இருப்பேன். அப்போது அவர், "அன்னிக்குத் தயிர்க் கிண்ணத்தோட நின்னியே, குடிச்சிருந்தா நேரா போயி மாட்டியிருப்பேன்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு, பல் தெரிய. என் வீட்டுப் படியில் அந்தச் சிரிப்பை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அக்கா. திங்கட்கிழமை அவர் சொன்னது முழுக்க உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை நான் அதே பயத்தை உங்கள் முன்னால் கொட்டி அழுவேன். "கட்டிக்க மாட்டாருடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே. அவரிடம் கேள், அவரிடம் கேள் என்றே மூன்று வருடம் ரொட்டி தட்டினீர்களே. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமான பிறகும் ஏன் வட்டவளைக்குப் போனீர்கள் என்று அவரைக் கேட்டேன். "அங்க பேசிப் பழகிப்போச்சு" என்றார். அதற்கும் சண்டை போட்டேன்.

இந்த நாற்பது நாளாக நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிறோம். உங்களிடம் அவர் சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்லச் சொல்லிப் பிடுங்குகிறேன். என்னுடையதையும் கேட்கிறார். கடைக்கு வருகிறவர்கள் எங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்க்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் உங்களிடம் சொன்ன அளவுக்கு என்னிடம் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் புத்தி எங்கே போகும்?

நேற்று அவர் கேட்டார், "அக்காவுக்குப் புள்ளைங்க உண்டா?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே" என்றேன்.

"எனக்குத் தெரியாது. சொந்த ஊரு எது?"

தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் எப்போது போனார், இருந்தாரா இல்லையா, அதுவும் தெரியவில்லை. எடுத்த அன்று சொந்தம் என்று யாரும் வரவில்லை, போர்ட்டர்தான் கொள்ளி வைத்தார் என்று இவர் சொன்னார். மூன்று வருடத்தில் உங்களை ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. வடைக்குச் சண்டை போட எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்கத் தெரியவில்லை.

செவ்வாயோ புதனோ, ஏதோ ஒரு கிழமையில் நீங்களும் கடையைச் சாத்திவிட்டு எங்கேயாவது போயிருப்பீர்கள். அங்கே ஒருத்தி இருந்திருப்பாள். அவள் எதிரில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளைகளை, ஊரை, எங்கள் இரண்டு பேரின் தொல்லையை எல்லாம் கொட்டிவிட்டு ரயிலேறியிருப்பீர்கள். அப்படி ஒருத்தி உங்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இருந்திருந்தால் அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும் அக்கா. இருந்துவிட்டுப் போகட்டும்.