பட்டியலில் ஐந்து கட்டங்கள்

ஜூன் 12, வியாழன்

இரண்டு மாதம் யோசித்து, கடைசியில் பொழுதுபோக்காகச் சேர்க்க, ஆட்டக்காரர்களின் படம் போட்ட ஒரு பழைய ஃபுட்பால் கார்டு செட்டைத் தேர்ந்தெடுத்தேன். எழுபதுகளில் வந்தது, மொத்தம் அறுபத்தாறு கார்டு. நியூ லின் என்ற புறநகரில் ஒரு பழைய சாமான் கடையில் அறுபத்தொன்று ஒரே டப்பாவில் கிடைத்தன. எல்லா ஆட்டக்காரர் பெயரும் பக்கத்தில் கட்டமும் அச்சிட்ட பட்டியல் கார்டில் யாரோ தன்னிடம் இருப்பதற்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்ததால் செட்டின் மதிப்பு குறைந்து, விலை என் கைக்கு எட்டியது.

"அஞ்சுதானே பாக்கி? மெதுவா வாங்கிக்கலாம்" என்றாள் என் மனைவி சுமதி. எனக்கு வேலை போனதிலிருந்து அவள் வாயில் 'மெதுவா' என்ற சொல்லை இன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆன்லைனில் தேடினேன். இல்லாத ஐந்தும் பெரிய ஆட்டக்காரர்கள். ஒவ்வொன்றின் விலையும் எங்கள் ஒரு வார வாடகை. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது பட்டியலை விளக்கடியில் சாய்த்துப் பார்க்கிறேன். அந்த ஐந்து கட்டங்களிலும் டிக் போட்டு ரப்பரால் அழித்த தடம் இருக்கிறது. அந்த ஆள் அறுபத்தாறையும் சேர்த்து முடித்திருக்கிறார். பிறகு விலைபோகிற ஐந்தை மட்டும் விற்றிருக்கிறார். ஏதோ ஐந்து வாரத்து வாடகைக்காக இருக்கும்.