வலது பக்கம் உன்னுடையது

தையல் மெசின் லாச்சிக்குள் ஊசி தேடியபோது உன் இயர்போன் கையில் சிக்கியது. கடைசியாக வேலைக்கு வந்த நாளில் நீ போட்டுவிட்டுப் போனது. வலது பக்கத்துப் பஞ்சில் நீ நெற்றிக்குப் பூசும் தைலம் இன்னும் மணக்கிறது.

அப்பாவால் கடலுக்குப் போக முடியாமல் போனதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். உன்னைச் சிறுநீரக வருத்தம் நிறுத்தியது. நெல்லியடித் தையல் கடையில் அடுத்தடுத்த மெசின்களில் இருந்தோம். ஜெர்மனியிலிருந்து உன் சித்தி அனுப்பிய பழைய போனில் அவர் அழிக்க மறந்த இசை இருந்தது. நூறு, இருநூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பியர்கள் எழுதியது. பியானோ, வயலின், செலோ. ஒருவரும் பாடுவதில்லை. ஒரே இயர்போனைப் பங்குபோட்டுக் கேட்டோம்: வலது பக்கம் உனக்கு, இடது எனக்கு.

அவர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். என்னுடையவர் இருமல்காரர். நெஞ்சு வருத்தக்காரர், பியானோவைத் தவிர வேறொன்றுக்கும் அதிகம் எழுதாதவர். பிறந்த நாட்டை விட்டுப் பாரிசுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை என்று போனில் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப எங்கடை ஆள்தான். லாச்சப்பலிலை கடை வைச்சிருந்திருப்பார்" என்றாய். பாரிசில் எங்கள் சனம் கடை போட்டிருக்கும் தெரு அது.

உன்னுடையவர் தாடிக்காரர். அவருடைய ஒரு துண்டு செலோவில் தொடங்கும். செலோ வலது பக்கம், உன் காதில். அதே மெட்டை வயலின்கள் பிறகுதான் வாங்கி என் இடது காதுக்குத் தரும். அதுவரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பொறு, வருது" என்பாய்.

கடைக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஓஎல் சோதினையும் எழுதாததுகளுக்கு உது என்னடி விளங்கும்? செத்தவீட்டிலை அழுற மாதிரிக் கிடக்கு."

"அழுறது எண்டு கண்டுபிடிச்சிட்டியளே அக்கா. உங்களுக்கே விளங்கீட்டுது" என்றாய் நீ.

நான் தலையைக் குனிந்து மெசினை மிதித்தேன். எனக்கும் சேர்த்து நீதான் எப்போதும் கதைத்தாய். கிளினிக்குக்குப் போகும் நாட்களில் முதலில் பஸ் ஏறி, எனக்காகப் பக்கத்துச் சீற்றில் பையை வைத்துவிடுவாய். யாராவது இருக்க வந்தால், "அதிலை ஆள் இருக்கு." எவ்வளவு பெரிய மனிதர் முறைத்தாலும் அதே பதில்தான்.

நீ போன எட்டாம் நாள், உனக்குப் பிடித்ததையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். இறால் பொரியல், மாம்பழம், இளநீர். உயிரோடு இருந்தபோது டொக்டர் உனக்குத் தடுத்தவை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. உன் அம்மாவின் மேசையிலிருந்த உன் போனை எடுத்து, இறாலுக்கும் இளநீருக்கும் நடுவில் வைத்து, தாடிக்காரரைப் போட்டேன்.

உன் மாமா எழும்பினார். "செத்தவீட்டிலை என்ன பாட்டு? நிப்பாட்டு உதை! சனம் என்ன கதைக்கும்?"

வழக்கம்போல நீ பதில் சொல்வாய் என்று பார்த்தேன். படம்தான் இருந்தது. மாமா போனை எடுக்கக் குனிந்தார். நான் அதன்மேல் கையை வைத்தேன்.

"நீங்கள் அவளுக்குப் பிடிச்ச இறாலை வைச்சிருக்கிறியள். நான் அவளுக்குப் பிடிச்ச இதை வைச்சிருக்கிறன். முதல்லை இறாலை எடுங்கோ, பிறகு இதை எடுக்கிறன்."

என் குரல்தான்.

"விடுங்கோ அண்ணை" என்றார் உன் அம்மா. பிறகு என்னிடம், "எவ்வளவு நேரம் போகும், பிள்ளை?"

"ஆறு நிமிசம், அன்ரி."

"போகட்டும்."

மாமா வாசல் படலைக்கு வெளியே போய் நின்றார். உன் அம்மா படத்துக்கு முன்னால் இருந்து முழுவதையும் கேட்டார். அன்றுதான் உன் பக்கம் என் காதுக்கும் வந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் செலோ கரகரத்தது. நான் பொறுத்திருக்கத் தேவையில்லாமல் போனதை மட்டும் தாங்க முடியவில்லை.

போனை உன் அம்மா என்னிடமே தந்துவிட்டார். சின்ன வயசு, கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள் என்கிறார்கள். சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இன்று இயர்போனைத் துடைக்காமலே போனில் மாட்டினேன். இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்து, மற்றதை உன் மெசின் பக்கம் தொங்கவிட்டேன். செலோ தொடங்கும் நேரத்தில் எனக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்காது. பொறுத்திருந்தேன்.

அக்கா கண்டுவிட்டார். "என்னடி அரைகுறையாக் கேக்கிறாய்? மற்றதையும் காதிலை போடன்."

தலையை நிமிர்த்திச் சொன்னேன்:

"அதிலை ஆள் இருக்கு, அக்கா."