உங்கப்பா ஏர் எடுத்த பிரேக்

என் கண்ணு மகனுக்கு, அம்மா எழுதறது. நீ சௌக்கியமா, மருமக சௌக்கியமா, அங்க குளிர் கொறைஞ்சுதா, வேளைக்குச் சாப்பிடறீங்களா. இங்க நான் சௌக்கியம், உங்கக்கா சௌக்கியம், அவ பெத்த ரெண்டு வாண்டுகளும் சௌக்கியம், காரோட பிரேக்கும் பரம சௌக்கியம். விட்டுப்போன ஆளு யாருன்னு உனக்கே புரியும், அவரைப் பத்தித்தான் இந்த லெட்டரே. போன் இருக்கறப்போ இவ எதுக்குப் பேனாவைத் தூக்கிட்டு உக்காந்திருக்கான்னு நினைப்பே. நான் உன்கூடப் பேச ஆரம்பிச்சா போதும், உங்கப்பா எங்க இருந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்து, ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துலயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கறாரு. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசில சொல்றேன், அதுக்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாம வரிசையாப் படி.

உங்கக்காவுக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை நேரத்தை மாத்திட்டாங்க, விடியறப்பவே கிளம்பிடறா. மாப்பிள்ளை வழக்கம்போல கப்பல்ல. அதனால வாண்டுகளை ஸ்கூல்ல கொண்டு விடறது தாத்தா கார்லதான். பெரிசுக்கு முன்பல் ரெண்டும் விழுந்து, பேசறப்போ காத்துதான் வருது, ஆனாலும் வாய் ஓய மாட்டேங்குது. சிறுசு பின் சீட்டுல நின்னுக்கிட்டேதான் வருவேன்னு அடம். இப்போ லீவு. அடுத்த வாரம் ஸ்கூல் திறக்குது. இதை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு மேல படி.

லீவு விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு நாள் காலைல பிள்ளைங்களை விட்டுட்டுத் திரும்பி வந்தவரு, காரைக் கொண்டாந்து நேரா நம்ம கேட்டு மேலயே முட்டினாரு. கேட்டுக்கு ஒண்ணும் ஆகலை, ஹெட்லைட் கண்ணாடி நொறுங்கிப் போச்சு. என்ன ஆச்சுன்னு நான் ஓடி வந்தா, எம்மேலயே எரிஞ்சு விழறாரு. பிரேக் பிடிக்கலையாம், பெடல் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குதாம், பிரேக் லைன்ல காத்து புகுந்துடுச்சாம், ஏர் எடுத்தாச் சரியாயிடுமாம். அப்போ ஒர்க்‌ஷாப்ல விடுங்களேன்னு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். உலகத்துல இருக்கற மெக்கானிக் அத்தனை பேரும் திருடனுங்க, முட்டாளுங்க, காரோட சூட்சுமம் தெரிஞ்ச ஒரே பிறவி இவருதான்னு ஒரு பிரசங்கம் ஆச்சு. ஆயுசு பூரா ஆபீஸ்ல ஃபைல் புரட்டின கை அது. ஸ்பேனரைப் பிடிச்சா பேனாவைப் பிடிக்கிற மாதிரியேதான் பிடிப்பாரு, நீயே பாத்திருக்கே.

உனக்கு ஞாபகம் இருக்கும், முன்னெல்லாம் ஏர் எடுக்கறதுன்னா ரெண்டு பேரு வேலை. நான் டிரைவர் சீட்டுல உக்காந்து பெடலை அமுக்கிப் பிடிச்சுக்கணும், அவரு சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு அந்தச் சின்ன ஸ்குரூவைத் திறப்பாரு, காத்தும் ஆயிலுமா டியூப் வழியா பாட்டில்ல இறங்கும், ஸ்குரூவை மூடின பிறகுதான் நான் காலை எடுக்கணும். அமுக்கு, பிடி, விடுன்னு அவரு கத்தறதும், அமுக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு தெரியலையான்னு நான் கத்தறதும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அந்தக் கூத்துக்கு முடிவு கட்டின புண்ணியவான் நீதான். ஒத்தை ஆளே ஏர் எடுக்கலாம்னு ஒரு கைப்பம்பை வாங்கி பார்சல்ல அனுப்பி வெச்சியே, நல்லா இருப்பே. அதைப் பிரிச்சப்போ அவரு மூஞ்சியைப் பாத்திருக்கணும். இனிமே எவ தயவும் தேவையில்லைன்னு என்னைப் பாத்துச் சொன்னாரு. எவ தயவும். இத்தனை வருஷம் பெடல் அமுக்கினவளுக்குக் கிடைச்ச பட்டம் அது.

கேட்டுல முட்டின அன்னியிலேருந்து இந்த வீட்ல தினமும் அதே கதைதான். காலைல டீயைக் குடிச்சதும் ஷெட்டுக்குள்ள போய் ஜாக்கியைப் போட்டு சக்கரத்தைக் கழட்டுவாரு, உக்காந்தா எழுந்திரிக்க முடியாது, எழுந்தா உக்கார முடியாது. பழைய ஆயில் பிடிக்க என்னோட நல்ல எவர்சில்வர் கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாரு, கேட்டா கிண்ணம் பெரிசா உயிர் பெரிசாங்கறாரு. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுடும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இந்த மகானுபாவர் அதை முன்பக்கம் பூரா சிந்திட்டு, துடைக்காம சாப்பிட வந்து உக்காந்தாரு. இப்போ அந்த இடத்துல பெயிண்டு பொரிப்பொரியா எழும்பிக் கிடக்கு. ஒவ்வொரு சக்கரமா பம்பை மாட்டி உறிஞ்சுவாரு, டியூப்ல குமிழி வரும், பாத்தியா காத்து, பாத்தியா காத்துன்னு எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாரு. ஆயிலை ஊத்தி ஊத்தி உறிஞ்சறாரு, குமிழி நிக்கவே இல்லை. எப்படி நிக்கும்? ஸ்குரூவைத் தளர்த்தி வெச்சு உறிஞ்சினா அந்த மரை இடுக்கு வழியா வெளிக்காத்தும் சேர்ந்துதான் வரும். ஓட்டை ஸ்ட்ராவுல ஜூஸ் குடிச்ச எந்தப் பிள்ளைக்கும் தெரியும் அது. நான் இதைச் சொன்னேன். உனக்கு அடுப்படி தெரியும், அதோட நிறுத்திக்கோன்னு பதில் வந்துச்சு.

இதுக்கு ஜால்ரா அடிக்க உங்க சித்தப்பா வேற தினமும் ஆஜர். அண்ணன் எது பண்ணினாலும் ஆகா ஓகோன்னு தலையாட்டறதைத் தவிர அவருக்கு வேற வேலை தெரியாது, சக்கரத்தைக் கழட்டினாலும் ஆகா, அதையே திரும்ப மாட்டினாலும் ஓகோ. ஆனா ஒரு நாள், அண்ணே நான் வேணும்னா உக்காந்து பெடலை அமுக்கறேன்னு சொல்லிக்கிட்டே பாவம் கார் கதவைத் திறந்திருக்காரு. உங்கப்பா வந்த கோபத்துல ஸ்பேனரைத் தரையில வீசி, என் வண்டில எவனும் கால் வைக்கக் கூடாதுன்னு கத்தினதுல, அன்னிக்குப் போன மனுஷன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஜால்ராவுக்கே இந்த கதியான்னு நான் அடுப்படியில நின்னு சிரிச்சேன்.

இன்னொரு கூத்தும் சொல்லிடறேன். போன மாசம் கடைத்தெருவுக்குப் போயிட்டு ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தாரு. வலது கால் செருப்பு வழியில எங்கயோ கழண்டு விழுந்திருக்கு, அவ்வளவு தூரம் வெறுங்காலோட நடந்து வந்தவருக்கு அது தெரியவே இல்லை, பெரிசு பாத்துச் சொல்லித்தான் குனிஞ்சு பாத்தாரு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க, நானும்தான். காரோட மாத்துச் சாவியைத் தொலைச்ச மாதிரி செருப்பையும் தொலைச்சாச்சா, அடுத்தது என்னன்னு கேட்டேன். அந்த மாத்துச் சாவி விஷயம் உனக்குத் தெரியுமே, பத்திரமா வைக்கறேன்னு வாங்கிட்டுப் போய் எங்க வெச்சாருன்னு அவருக்கே தெரியாமப் போச்சு. சர்க்கரை இருக்கற உடம்பு, டாக்டர்கிட்ட போய் வருஷம் ஆச்சு, பிள்ளைங்களுக்கு வாங்கினேன்னு சொல்லிட்டு கேக்கை இவரு தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கறாரு. நாம ஒண்ணு சொன்னா, எனக்குத் தெரியாதான்னு ஒரு முறைப்பு.

இப்போ விஷயத்துக்கு வரேன். முந்தாநாள் இன்னும் ஆயில் வேணும்னு கடைக்குப் போயிருந்தாரு. என் கிண்ணத்தை எடுத்துடலாம்னு நான் ஷெட்டுக்குள்ள போனேன். கார் நாலு சக்கரத்துலயும் நின்னுச்சு, சாவி அதுலயே தொங்குச்சு. இவ்வளவு நாள் என்னதான் கிழிச்சிருக்காருன்னு பாப்போம்னு டிரைவர் சீட்டுல உக்காந்து பெடலை அமுக்கினேன். கண்ணா, கல்லு மாதிரி நின்னுச்சு. இஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணி அமுக்கினேன், கொஞ்சம் இறங்கி அப்படியே நின்னுச்சு. எனக்கு லைசென்ஸ் எப்பவோ காலாவதி, இருந்தாலும் விடலை, ரிவர்ஸ்ல வாசல் வரைக்கும் போய், திரும்ப முன்னாடி எடுத்து ஒரு பிரேக் போட்டேன், பக்க சீட்டுல கிடந்த ஸ்பேனரெல்லாம் எகிறிக் கீழ விழுந்துச்சு. இவ்வளவு நல்ல பிரேக்கை நான் ஜன்மத்துல அமுக்கினதில்லை. முதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆகா, இல்லாத காத்தை இத்தனை நாளா எடுத்துக்கிட்டு இருக்காரே எங்க வீட்டு விஞ்ஞானின்னு, உனக்கு எப்படிச் சொல்லிக் கேலி பண்ணலாம்னு யோசிச்சுக்கிட்டே இறங்கினேன். ஒரு காலை வெளியில வெச்சவ அப்படியே உக்காந்துட்டேன். எனக்குக் கல்லா இருக்கற பெடல் அவருக்கு மட்டும் எப்படி ஸ்பாஞ்சா இருக்கும்? அந்த ஒத்தைச் செருப்பு ஞாபகம் வந்துச்சு. வலது கால்.

அன்னிக்குச் சாயங்காலம் அவரு சோபால காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் பேப்பர்ல குறுக்கெழுத்து போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் ஃபிரிட்ஜிலேருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துட்டு வந்து, தரையைத் துடைக்கிற மாதிரி கால்மாட்டுல உக்காந்து, வலது பாதத்துல வெச்சேன். உள்ளங்கால்ல வெச்சு அழுத்தினேன். உருகித் தண்ணி சொட்டுது, மனுஷன் பேப்பரைத் திருப்பறாரு. கட்டை விரல் இடுக்குல வெச்சேன். டீ ஆச்சான்னு கேட்டாரு. ஆச்சுன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். பயந்துட்டேன்டா. இந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் பின் சீட்டுல அதுங்க ரெண்டையும் ஏத்திக்கிட்டு அத்தனை வண்டிக்கும் நடுவுல போயிட்டு வந்திருக்காரு. அன்னிக்கு முன்னாடி நின்னது கேட்டு. கேட்டோட போச்சு, ஒரு சைக்கிள்காரனா இருந்திருந்தா?

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன். தெரியாத மனுஷன் தம்பி மேல ஸ்பேனரை வீசுவாரா? வேற யாராவது உக்காந்து அமுக்கினா, பெடல் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிடுவாங்க, அப்புறம் கோளாறு எங்கன்னு தேடணும், அந்தப் பயம். அதுக்காகத்தான் என்னையும் கூப்பிடலை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற வாய், தன் கால் மரத்துப் போச்சுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லத் துப்பில்லை. அதுக்கு உன் பம்பு ஒரு சாக்கு. நேத்து சாதாரணமாக் கேக்கற மாதிரி, டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டு வரலாமான்னு கேட்டேன். முதல்ல பிரேக் வேலை முடியட்டும்னாரு. பிரேக் வேலை எப்போ முடியும்? அதுதான் ஒரு நாளும் முடியாதே.

மூஞ்சிக்கு நேரா கேக்க என்னால முடியலை. வேற எதுன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன், இது வரமாட்டேங்குது. கேட்டாலும் நான் சொல்லி அவரு எதைக் கேட்டிருக்காரு? நீ சொன்னாத்தான் கேப்பாரு, நீ சொன்னா அமாவாசையைப் பௌர்ணமின்னாலும் தலையாட்டற ஆளு. போன்ல வேண்டாம், ஸ்பீக்கர்ல போட்டுத் தெருவுக்கே கேக்கற மாதிரி வேண்டாம். லீவு போட்டுட்டு ஒரு தடவை வா. வந்து, அப்பா நான் பெடலை அமுக்கறேன் நீங்க ஸ்குரூவைத் திறங்கன்னு சொல்லிட்டு உக்காரு. மீதி அவரே சொல்லிடுவாருன்னு தோணுது. அப்படியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடலாம், இப்பவே பாத்தா காலுக்கு மேற்கொண்டு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கலாம்னு உங்கக்கா லேப்ல இருக்கறவங்ககிட்ட வேற யாருக்கோ கேக்கறாப்ல பொதுவாக் கேட்டு வெச்சிருக்கேன். உங்கக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பிரேக் ரிப்பேர் நீளுதுன்னு சொல்லி பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன்ல இடம் பிடிச்சாச்சு. ஊருக்கும் பிரேக் ரிப்பேர்தான். அந்த மானத்தையாவது நான் காப்பாத்தி வெக்கறேன்.

இப்போ அந்த இன்னொரு காரணம். கவருக்குள்ள மடிச்ச அட்டை ஒண்ணு இருக்கும், அதோட டேப்பைப் பிரிச்சுப் பாரு. கார் சாவி. வீட்ல எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சுடுவாரு, உங்கிட்ட இருந்தாத்தான் பிடிக்க முடியாது. மாத்துச் சாவியைத்தான் ஏற்கெனவே தொலைச்சாச்சே, புதுசுக்குக் கம்பெனிக்கு எழுதிப்போட்டு வர மாசக்கணக்காகுமாம். இதையும் தொலைச்சிட்டீங்களான்னு காலைலேருந்து நான்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். ஆமாம்னு ஒத்துக்கிட்டு, ஷெட்டுல முட்டி போட்டு டார்ச் அடிச்சுத் தேடறாரு. ஜன்னல் வழியாத் தெரியுது. தரையில சிந்தின ஆயில்ல வலது முட்டி வழுக்குது, ஜாக்கியைப் பிடிச்சு எழுந்து மறுபடி குனியறாரு. போய்ச் சொல்லிடலாமான்னு ரெண்டு தடவை எழுந்தேன், உக்காந்துட்டேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருங்க. வண்டி ஓட்டறப்போ பாத்து ஓட்டு. சாவியை பார்சல்ல திருப்பி அனுப்பிடாதே, நீயே கையில எடுத்துட்டு வா. இனிமே ஒத்தை ஆளே செய்யலாம்னு சொல்ற சாமான் எதையும் இந்த வீட்டுக்கு அனுப்பாதே.

பெடலை அமுக்கக் கால்ல இன்னும் தெம்பு இருக்கற,
உன் அம்மா