சந்தைப் பெண்கள் தண்ணீர் குடித்த நாள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வழக்கமாக வாய்வார்த்தைக்கு எழுதுவேன், இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று மறக்காமல் எழுதுங்கள். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே மேஸ்திரி கூப்பிடுகிறார், கிரேனில் ஏறணும் என்று வைத்துவிடுவீர்கள். அதனால் உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் தங்கச்சி விஷயம். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அண்ணன்கிட்ட மூச்சு விட்டா என்மேல சத்தியம் அண்ணி என்று என் வாயை அடைத்துவிட்டாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறி, சந்தையில் கீரைக்கட்டுகள் மேலேயே மயங்கி விழுந்தாள். நானும் சர்பத்துக் கடைக்காரரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா அவளைத் திட்டின திட்டு இருக்கிறதே! நாள் பூரா தண்ணி குடிக்கணும், எதையும் அடக்கி வைக்கக் கூடாது, முடியாதுன்னா சந்தைப் பக்கமே போகாதே என்றார். சந்தைக்குப் போகாமல் அவள் எங்கே போவாள்? கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கீரைக்கடையில்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதை விடச் சொன்னதும் அவள் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்பீர்கள். சந்தையில் நாங்கள் யாருமே குடிப்பதில்லை. ஆண்களுக்கு இறைச்சிக் கடைக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. நாங்கள் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மெயின் ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் வரிசையில் போய் நிற்கணும். திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

சந்தைக்குள்ளேயே பெண்கள் கழிப்பறை கட்டினார்களே என்பீர்கள். கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். நம் கவுன்சிலர் பெயரைக் கல்லில் செதுக்கிப் பதித்தார்கள். மறுநாளே பூட்டினார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால் நாளைக்கு என்பார். கேட்டுக் கேட்டு, அவர் பெயரே சந்தையில் 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது. கொஞ்சம் அழுத்திக் கேட்டால், உன் கடை லைசன்ஸ் இந்த வருஷம் புதுப்பிக்கணும் இல்ல என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார். அதோடு எங்கள் வாய் மூடிக்கொள்ளும்.

போன வாரம் தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. 'நாளைக்கு'வுக்கு உதறல் எடுத்துவிட்டது. கழிப்பறைக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் அடித்து, பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு போர்டு மாட்டினார். பூட்டு தெரியாமலிருக்கப் பூட்டுக்கு மேல் ஒரு மாலை! பிறகு எங்களை எல்லாம் கூட்டி வைத்து ஒரு உத்தரவு போட்டார். அந்தம்மா பெரிய இடம், அவங்களை நல்லா கவனிக்கணும், எந்தக் கடையிலயும் ஒரு டம்ளர் குடிக்காம நகர விடக் கூடாது, வாய் சும்மா இருந்தாத்தான் கேள்வி வரும் என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற சர்பத்துக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கவலையை விடுங்க தலைவரே, உபசரிப்புல ஒரு குறையும் இருக்காது என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

அதிகாரியம்மா நல்ல மனுஷி. நெடுந்தூரம் காரில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சர்பத்துக்காரர் பெரிய டம்ளரில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். தேங்காய்க் கடையில் இளநீர். பழக்கடையில் தர்பூசணி. டீக்கடையில் டீ. என் வெங்காயக் கடைக்கு வந்தபோது வேண்டாம்மா, போதும் என்றார். உடனே 'நாளைக்கு'வே முந்திக்கொண்டு, ஏழைங்க ஆசையாக் கொடுக்கறாங்க மேடம், மறுக்காதீங்க என்று மோர் டம்ளரை வாங்கி அவர் கையில் திணித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. எல்லாம் அவரே செய்தார்.

கீரைக்கடைக்கு வருவதற்குள் அந்தம்மாவின் நடை மாறிவிட்டது. உங்கள் தங்கச்சியின் காதோடு, இங்கே டாய்லெட் எங்கம்மா இருக்கு என்று கேட்டார். உங்கள் தங்கச்சியைத் தெரியுமே, நாலு பேர் பார்த்தாலே குரல் எழும்பாது. அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தைரியம்! எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, வாங்க மேடம், எங்க கவுன்சிலர் கட்டிக் கொடுத்தது இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மொத்தச் சந்தையும் பின்னாலேயே போனது.

மாலையை விலக்கினால் பூட்டு. சாவி எங்கே என்றார் அதிகாரியம்மா. கான்ட்ராக்டரிடம் இருக்கிறது என்றார் 'நாளைக்கு'. கான்ட்ராக்டர் எங்கே? ஊரில் இல்லை. அப்படின்னா நீங்கள்லாம் எங்கே போவீங்க என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்களோடு வாங்க என்றோம்.

உச்சி வெயிலில் அவரும் எங்களோடு நடந்தார். ரோட்டில் லாரி போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஸ்டாண்டு வரிசையில் முன்னால் விட்டபோது, வேண்டாம், நானும் வரிசையிலேயே வரேன் என்றார். கொஞ்ச நேரம் நின்றார், பாவம். அப்புறம் சரி, விடுங்க என்று ஓடினார். வெளியே வந்ததும் உங்கள் தங்கச்சியிடம், தினமும் இப்படியா என்று கேட்டார். இவள், தினமும் வர முடியாது மேடம், அதனால தண்ணியே குடிக்கறதில்ல, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன மாசம்தான் வந்தேன் என்றாள். அந்தம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

திரும்பி வந்ததும், பூட்டை உடைங்க என்றார். இறைச்சிக் கடைக்காரர் வெட்டுக்கத்தியைத் திருப்பி ஒரு போடு போட்டார். கதவு திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்கிறீர்கள்? கட்சிக் கொடிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் 'நாளைக்கு'வின் ஆளுயரப் படம்! தேர்தலுக்கு வைத்ததை உள்ளே பத்திரப்படுத்தியிருக்கிறார். சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் வியர்த்து வழிந்தபடி, மேடம், நாளைக்கே எல்லாத்தையும் என்று ஆரம்பித்தார். முடிக்க விட்டால்தானே? இன்னைக்கே என்று மொத்தச் சந்தையும் ஒரே குரலில் கத்தியது. நான் கத்தியதில் மறுநாள் வரைக்கும் தொண்டை கட்டியிருந்தது.

அதிகாரியம்மா அந்த நாற்காலிகளிலேயே ஒன்றை இழுத்துப் போட்டு, கழிப்பறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றார். அப்புறம் பார்க்கணுமே! ஊரில் இல்லாத கான்ட்ராக்டர் ஊருக்கு வந்துவிட்டார். பிளம்பர்கள் ஓடி வந்தார்கள். குழாய் சுவருக்கு அந்தப் பக்கம்வரை வந்து நின்றிருக்கிறது, இணைக்கத்தான் ஆள் இல்லை. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்தது. லைசன்ஸைக் காட்டி யாராவது மிரட்டினால் நேராக எனக்குச் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் யார் போவது என்று கேட்டபோது உங்கள் தங்கச்சியைத்தான் எல்லோரும் பிடித்துத் தள்ளினோம். போங்க அண்ணி, கூச்சமா இருக்கு என்று முகத்தை மூடிக்கொண்டே போனாள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. முகம், கை, கழுத்தெல்லாம் ஈரமாக வெளியே வந்தாள். விசில் பறந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அதே கதிதான். நேராகக் கடைக்குப் போய், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, எல்லோர் முன்னாலும் அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

இப்போது எங்கள் கடைகளிலெல்லாம் பாட்டில் நிற்கிறது. நாங்களே புதுப் பூட்டு வாங்கினோம், அதன் சாவி என் தராசுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இனி யார் கேட்டாலும் அதைக் கொடுப்பதாக இல்லை. அடுத்தது, சந்தையில் திறந்து கிடக்கும் சாக்கடைக்கு மூடி. அதற்கும் கூட்டம் போட்டுவிட்டோம். 'நாளைக்கு' என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன தடவை வந்தபோது, கிரேனில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன், அதனால் காலையில் ஒரு டீயோடு சரி, தண்ணீர் தொடுவதில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். அன்றைக்கு நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால், கீரைக்கட்டுகள் மேல் விழுந்து கிடந்த உங்கள் தங்கச்சிதான் கண்முன் வருகிறாள். அங்கேயும் ஒரு 'நாளைக்கு' இருப்பார், கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். கேட்டு வாங்கும்வரை, வேலை மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, நடுவில் இறங்கி வந்து தண்ணீர் குடியுங்கள். நீங்கள் முழுசாக வீடு வந்து சேர வேண்டும், எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு எழுதும்
உங்கள் மனைவி