ஆறு இறாத்தல் ஈயக்குண்டு

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை தோள்மூட்டுச் சிகிச்சைக்குப் போயிருந்தேன். வலது கை இரண்டு மாதமாகத் தலைக்கு மேலே எழும்புவதில்லை. பயிற்சி தருகிறவள் நம்முடைய தமிழ்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். சுவரோரமாகச் சின்னதும் பெரிதுமாய்க் கைப்பாரங்களை அடுக்கி வைத்திருந்தாள். "அங்கிள், உங்களுக்கு ஓக்கேயானதை எடுங்கோ," என்றாள். நடுவில் இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஏலவில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆகச் சின்னதை எடுத்துக்கொண்டு, "மெல்லச் செய்யிறதுக்கு இது காணும், பிள்ளை," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது உன்னுடைய வசனம் என்று உறைத்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

இங்கே ஆர்ச்வேயில் ஒரே அறையில் நாம் இருந்த நாட்களில், நீ என்னோடு வாதாடாத விஷயம் இல்லை. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வாசலால் ஏறினால் ரயிலில் இருக்கை கிடைக்கும், எல்லாவற்றுக்கும் வழக்குத்தான். நீ கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனதும் அந்த அறை எனக்குப் பெரிதாகிப் போனது. தமிழ்ச் சனமே இல்லாத ஒரு மலைநாட்டு ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டபோது, அங்கே யாரோடு வாதாடுவாய் என்றுதான் யோசித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓகஸ்ட்டில் உன்னிடம் வந்தேன். வந்த மறுநாளே தூண்டில் கடைக்குக் கூட்டிப்போனாய். "கொக்கனி எண்டு ஒரு மீன், மச்சான். சால்மன் சாதிதான். ஆனா கடல் பக்கமே போகாது, ஏரிக்குள்ளேயே சீவிச்சுப்போடும்," என்றாய். வெயில் காலத்தில் அது குளிர் தேடித் தொண்ணூறு அடிக்குக் கீழே இறங்கிவிடும் என்றும், அந்த ஆழத்துக்குத் தங்கூசி நூலை இறக்க ஈயக்குண்டு வேண்டும் என்றும் விளக்கினாய். படகின் ஓரத்தில் ஒரு கைச்சுழலி. அதில் உருக்குக் கம்பி, கம்பி நுனியில் குண்டு. குண்டுக்கு மேலே ஒரு கவ்வி தங்கூசியைப் பிடித்திருக்கும், மீன் இழுத்தால் விட்டுவிடும். நடக்கிற வேகத்தையும்விட மெதுவாகப் படகைச் செலுத்தவேண்டும்.

கடைக்காரர் பன்னிரண்டு இறாத்தல் குண்டைக் காட்டினார். நீ தலையசைத்துவிட்டு ஆறு இறாத்தலை எடுத்தாய்.

"பெரிசை எடன்ரா. தொண்ணூறு அடியெல்லோ?" என்றேன்.

"மெல்லப் போறதுக்கு இது காணும்."

நீ மீன்பிடி உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, உனக்குத் தெரியாமல் பன்னிரண்டு இறாத்தலை நான் வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். உன்னை ஒரு தரமாவது வெல்லவேண்டும் என்ற ஆசை.

அடுத்த நாள் காலை ஏரியில் இரண்டு மணித்தியாலம் சுற்றினோம். கம்பி பின்னால் சரிந்துகொண்டே வந்தது. தொண்ணூறு அடிக் கம்பி போயிருந்தது, குண்டோ அந்த ஆழத்தில் இல்லை. மீன்கள் அதற்கும் கீழே நிற்பது படகிலிருந்த மீன்காட்டித் திரையில் தெரிந்தது. நான் பையைத் திறந்து பெரிய குண்டை எடுத்தேன். நீ சின்னக் குண்டைச் சுற்றி எடுத்து, இதை மாட்டவிட்டாய். கம்பி நேராக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தூண்டில் துள்ளி நிமிர்ந்தது. "இழுக்காதை, அதின்ரை வாய் பூ மாதிரி, கிழிஞ்சிடும்!" என்று நீ கத்தினாய். வெள்ளிபோல் ஒரு மீன் வலைக்குள் வந்தது.

பிறகு நீ குண்டை மேலே எடுக்கச் சுழலியைச் சுற்றினாய். ஏழெட்டுச் சுற்றில் நின்றுவிட்டாய். உன் உதடு வெளுத்திருந்தது. "நீ சுத்து, மச்சான். எனக்குக் கை வியர்க்குது," என்றாய். நான் சிரித்துக்கொண்டே சுற்றினேன். "பார்த்தியே? நான் அப்பவே சொன்னனான்."

"ஓமடா. நீ சொன்னதுதான் சரி."

நீ என்னிடம் தோற்றது அன்றைக்கு மட்டும்தான். எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கரை சேரும்வரை வென்றவன்போல் கதைத்துக்கொண்டே வந்தேன்.

புறப்படுகிற நாள் நீ, "இன்னும் ஒரு கிழமை நில்லன்," என்றாய். ஷிப்ட் இருக்கிறது என்றேன். இருந்ததுதான், ஆனால் கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள்.

பிறகு தொலைபேசியில் எப்போதும், "சுகமா இருக்கிறன்," என்றாய். நானும் நம்பிப் போனை வைத்துவிடுவேன். அடுத்த வசந்தத்தில் உன் இறுதிச் சடங்கை என் சமையலறை மேசையில், கணினித் திரையில் பார்த்தேன். இடையில் படம் உறைந்துவிட்டது. யாரோ ஒருவருடைய முதுகைப் பார்த்தபடி கால் மணித்தியாலம் கைகூப்பிக்கொண்டு இருந்தேன்.

உன் மனைவிதான் பிறகு சொன்னா. "நீங்கள் வர முதலே டொக்டர் சொல்லிப்போட்டார், அண்ணை, கான்சர் எலும்புக்குள்ள பரவிட்டுதெண்டு. இவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். தெரிஞ்சா அவன் என்னைப் படகில ஏற விடான் எண்டு சொன்னவர்."

விட்டிருக்க மாட்டேன்தான். அதையும் நீ சரியாகவே கணித்திருக்கிறாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவவுக்குப் போன் எடுக்கிறேன். எனக்கு மத்தியானம் தாண்டியிருக்கும், அவவுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். "எப்பிடி இருக்கிறியள்?" என்பேன். "சுகம், அண்ணை," என்பா. முன்பென்றால் அந்த இடத்தில் வைத்துவிடுவேன். இப்போது வைப்பதில்லை. அதற்குமேல் கேட்க எனக்குத் தெரிவதும் இல்லை. பேசாமல் இருக்கிறேன். அங்கே கேத்திலில் தண்ணீர் கொதிப்பது கேட்கும், ஒரு கதிரை இழுபடுவது கேட்கும்.

போன கிழமை அப்படி வெகுநேரம் போனது. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தாவோ தெரியாது.

"அண்ணை, நிக்கிறியளோ?" என்றா.

"ஓம், பிள்ளை. நிக்கிறன்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவ அழத் தொடங்கினா.